கூரையில் சோலார், புகைபோக்கியில் கரும்புகை

கேள்வி: விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சிறிய கம்பெனி நடத்துகிறேன். அப்பா காலத்தில் தொடங்கியது. கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மற்ற மாதங்களில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிறோம். இரண்டு சூளைகள் உள்ளன. ஒன்று விறகில் எரிகிறது, மற்றொன்று பர்னஸ் ஆயிலில். போன மாதம் சோலார் போட்டுத் தருவதாக ஒருவர் வந்தார். “கூரையில் 40 கிலோவாட் போட்டுவிட்டால் உங்கள் கம்பெனி பச்சை வகைக்கு மாறிவிடும். அப்புறம் பொல்யூஷன் போர்டு உங்கள் பக்கமே வராது. மத்திய அரசு மானியமும் உண்டு” என்கிறார். போர்டு தரும் இசைவாணையைப் புதுப்பிக்கும் நாளும் நெருங்குகிறது. கடன் வாங்கிச் சோலார் போட்டுவிடலாமா? சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்களிடம் வந்தவர் மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். மூன்றுமே தவறு. கையெழுத்துப் போடுமுன் கேட்டீர்களே, அது நல்லதாயிற்று.

முதலில் அந்தப் ‘பச்சை’யை எடுத்துக்கொள்வோம். பசுமை மின்சாரம் என்கிற பச்சையும் மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் பச்சையும் ஒன்றல்ல. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் தொழில்களுக்கு மாசு மதிப்பெண் போட்டு நிறம் பிரித்தது. 60-ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, அதற்கும் கீழே வெள்ளை. சூரிய மின் உற்பத்தி வெள்ளையில் வந்தது. செராமிக் தொழில் ஆரஞ்சில் வந்தது. சோலார் பலகைக்குக் கிடைத்த நல்ல பெயரை அவர் உங்கள் கம்பெனிக்கும் பூசப் பார்க்கிறார். வாரியம் பார்ப்பது உங்கள் சூளையில் என்ன எரிகிறது, புகைபோக்கியில் என்ன வெளியேறுகிறது, கழுவிய மண் குழம்பு எங்கே போகிறது என்பதைத்தான். கூரையில் பலகை இருக்கிறதா என்பது அந்தக் கணக்கிலேயே வராது. 2025-இல் இந்த வகைப்பாட்டைத் திருத்தியிருக்கிறார்கள். ஆகவே பழைய இசைவாணையில் அச்சிட்டிருக்கும் நிறத்தை மட்டும் நம்பாமல், புதுப்பிக்கும்போது இப்போதைய வகை எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதிகபட்சம் 78,000 ரூபாய் தருகிறார்கள். அது வீட்டு இணைப்புக்கு மட்டும். உங்கள் வீட்டு மாடியில் போட்டால் கிடைக்கும், கம்பெனிக் கூரைக்குக் கிடைக்காது.

மூன்றாவதுதான் முக்கியம், வாரியம் உங்கள் பக்கமே வராது என்பது. மின்சாரத்தை ஆள்வது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும். புகையை ஆள்வது 1981-ஆம் ஆண்டு காற்று மாசுச் சட்டம், கழிவுநீரை ஆள்வது 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுச் சட்டம். இவை தனித்தனிக் கதவுகள். ஒன்றில் நல்ல பெயர் வாங்கினால் மற்றொன்று தானாகத் திறந்துவிடாது. காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இசைவு இல்லாமல் ஆலையைத் தொடங்கவோ நடத்தவோ கூடாது என்கிறது. 31ஏ பிரிவின் கீழ் வாரியம் ஆலையை மூடச் சொல்லலாம், மின் இணைப்பையே துண்டிக்கச் சொல்லலாம். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் சட்டங்களில் பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வைத்தது. ஜெயில் பயம் போனது என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். உங்களைப் போன்ற சிறு கம்பெனிக்கு 15 லட்சம் என்பது கதவைச் சாத்தும் தொகை.

இனி, சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் சூளைக்கு வருகிறேன். செராமிக் தொழிலில் செலவாகும் எரிசக்தியில் பெரும்பங்கு வெப்பம். பச்சை மண் பொம்மையை முதல் சுடலில் ஏறத்தாழ 900, 1,000 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். பியூஸ் கட்டை போன்ற பீங்கானுக்கு 1,200, 1,300 டிகிரி வேண்டும். இதில் எதையும் உங்கள் கூரைப் பலகை தரப்போவதில்லை. மண் அரைக்கும் பால்மில், கலக்கும் மோட்டார், கம்ப்ரஸர், விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்கான பகல் நேரக் கரண்ட் பில்லைத்தான் அது குறைக்கும். குறைக்கட்டும், நல்லதுதான். ஆனால் நோயும் அபராதமும் வருவது சூளையிலிருந்து. கடன் வாங்கும் சக்தி ஒரு முறைதான் உண்டென்றால் அந்தப் பணம் முதலில் சூளைக்கே போக வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குஜராத்தின் மோர்பி பட்ட பாடு கண்முன் இருக்கிறது. நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி அந்த ஊரில்தான் தயாராகிறது. நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் கலன்களை அங்கே நூற்றுக்கணக்கில் வைத்திருந்தார்கள். எரிபொருள் மலிவு. ஆனால் அந்தக் கலன் தாரும் நச்சுக் கழிவுநீரும் கக்கும். அவை வெட்டவெளிக்குப் போயின. 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கலன்களை மூட உத்தரவிட்டது. ஊர் முழுவதும் ஒரே மூச்சில் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டியதாயிற்று. பிறகு உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியது. 2022 ஆகஸ்டில் அங்கே ஏராளமான ஆலைகள் ஏறத்தாழ ஒரு மாதம் சூளையை அணைத்துவிட்டு உட்கார்ந்தன. உத்தரவு சரியானது, அந்த ஊர் மக்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் கடைசி நாள்வரை காத்திருந்து மாறுகிறவனுக்குப் பேரம் பேச இடம் இருப்பதில்லை. விருத்தாசலம் சிறிய ஊர். இப்போதே ஒவ்வொரு சூளையாக மாற்ற அவகாசம் இருக்கிறது.

எப்படி மாற்றுவது? பழைய செங்கல் சூளையில் கணிசமான வெப்பம் சுவரைச் சூடேற்றவே போய்விடும். செராமிக் ஃபைபர் உள்பூச்சு கொண்ட ஷட்டில் சூளையில் அந்த வீணடிப்பு மிகவும் குறைவு, சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். எல்பிஜியில் எரிப்பவர்களுக்கு விறகுச் சூளையைப்போல் சாம்பலும் புகைக்கரியும் இல்லை, பானைக்குப் பானை நிறம் மாறுவதும் குறைவு. உங்கள் ஊரிலேயே அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. சோலார் விற்பவரிடம் கேட்பதற்கு முன்னால் அங்கே போய், உங்கள் மண்ணுக்கும் கிளேஸுக்கும் எந்தச் சூளை பொருந்தும் என்று கேளுங்கள். இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். எரிபொருளை மாற்றுவதற்கு முன்பே வாரியத்துக்கு எழுதி இசைவாணையில் திருத்தம் வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் இசைவு குறிப்பிட்ட எரிபொருளுக்கும் குறிப்பிட்ட புகைபோக்கிக்கும் கொடுத்தது. 100 கிலோவுக்கு மேல் எல்பிஜி இருப்பு வைத்தால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும்.

சூளையை முடித்த பிறகு சோலார் போடுங்கள். வீட்டுக்குத் தரும் நெட் மீட்டர் வசதி தொழில் இணைப்புக்கு அப்படியே கிடைக்காது, மிஞ்சிய யூனிட்டுக்குக் குறைந்த விலைதான் வரும். எனவே பகலில் நீங்களே செலவழிக்கும் அளவுக்கு மட்டும் பலகை போடுங்கள். கூரைச் சோலாருக்கு மின்வாரியம் வாங்கும் வலையமைப்புக் கட்டணத்தைச் சிறு தொழில்களுக்குப் பாதியாகக் குறைப்பதாகத் தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. ஒப்பந்தம் போடும் நாளில் நடப்பில் உள்ள ஆணையைக் கேட்டுச் சரிபாருங்கள். பழுதான பலகைகளைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பலகைக்கும் பொருந்தும்.

தொழிற்பேட்டைச் சங்கத்தில் ஒரு யோசனையைச் சொல்லிப் பாருங்கள். பல கம்பெனிகள் சேர்ந்து சொந்த மின்நிலையம் வைக்கலாம். பயன்படுத்துவோர் கையில் 26 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும், ஆண்டு உற்பத்தியில் 51 விழுக்காட்டை அவர்களே செலவழிக்க வேண்டும். பசுமை மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்க 1 மெகாவாட் தேவை வேண்டும் என்றிருந்த வரம்பை 2022 ஜூனில் வந்த மத்திய விதிகள் 100 கிலோவாட்டாக இறக்கின. சொந்த மின்நிலையப் பங்குதாரர்களுக்கு அந்த வரம்பும் இல்லை. நாளை மின்சூளைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வழிதான் கைகொடுக்கும்.

கேள்வி: செராமிக் கம்பெனிகளுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். சூளை எரியும் நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் கரி. பிள்ளைக்கு இளைப்பு. அவர்களும் பிழைக்க வேண்டும் என்று இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டோம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: அவர்கள் பிழைக்க வேண்டும் என்று நினைத்தீர்களே அம்மா, அந்த மனசு பெரியது. ஆனால் உங்கள் பிள்ளை மூச்சுவிடுவது யாரும் போடும் பிச்சை அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் பதனிடும் ஆலைகள்மீது தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக ஏற்றது, ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2024 மார்ச்சில், கானமயில் என்ற பறவையைக் காக்கக் கோரிய வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்று அதே நீதிமன்றம் சொன்னது.

புகை வரும் நாள், நேரம், எந்தப் புகைபோக்கி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். செல்போனில் படம் எடுங்கள். பிள்ளையின் மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் கம்பெனிக்காரரிடமே நேரில் பேசிப் பாருங்கள், மேலே கேள்வி கேட்டவரைப் போல மாற நினைக்கிறவர்களும் உண்டு. சரிவராவிட்டால் கடலூரில் உள்ள மாசு கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கும் அசையாவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. பொறுத்துப் பொறுத்து அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். நோட்டை இன்றைக்கே தொடங்குங்கள்.