சருகுமானுக்காக மோதிய யானைகள்

யானையும் யானையும் போரிட்டால் நடுவில் அகப்பட்ட சருகுமான் மடியும் என்பது நாம் இடைநிலைப்பள்ளியில் படித்த மலாய்ப் பழமொழி. வல்லரசுகளின் மோதலில் சிறுபான்மை மக்கள் நசுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை என்றே தோன்றும். ஆனால், வரலாற்றில் இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. யானைகள் இரண்டும் சமாதானம் பேச அமர்ந்தபோது, சருகுமானைக் காப்போம் என்று எழுந்த குரலே அந்தப் பேச்சைக் கலைத்தது. 1970களில் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே, சோவியத் யூதர்களை முன்னிட்டு நடந்த அந்த நிகழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

ஐந்தாவது வரி

சோவியத் குடிமக்களின் உள்நாட்டுக் கடவுச்சீட்டில் ஐந்தாவது வரி அவர்களின் இனத்தைக் குறிக்கும். ரஷ்யர், உக்ரேனியர், லித்துவேனியர் என்பதுபோல் ‘யூதர்’ என்பதும் அங்கு ஓர் இனமாகவே பதியப்பட்டது. 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் இரண்டு மில்லியனுக்கும் சற்று அதிகம். உயர்கல்வியிலும் பணியிலும் அந்த ஐந்தாவது வரி பலருக்குத் தடையாக நின்றது.

1967ஆம் ஆண்டுப் போரையடுத்து மாஸ்கோ இஸ்ரேலுடன் அரசதந்திர உறவை முறித்தது. அதன்பின் நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்த யூதர்கள் பலர் வேலை இழந்தனர். பலரின் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்டன. 1970 ஜூனில் லெனின்கிராட்டில் ஒரு குழுவினர் சிறு விமானம் ஒன்றைக் கைப்பற்றித் தப்ப முயன்று பிடிபட்டனர். அவர்களில் இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழவே, அது 15 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து கதவு சற்றுத் திறந்தது. ஆனால், 1972 ஆகஸ்டில் புதிய பூட்டு ஒன்று வந்தது. பட்டம் பெற்றவர் வெளியேற வேண்டுமானால், தம் கல்விக்கு அரசு செலவிட்ட தொகையைத் திருப்பித் தரவேண்டும். அது பல ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடான தொகை!

வாஷிங்டனின் கணக்கு

அதே 1972ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அதிபர் நிக்சன் மாஸ்கோ சென்று அணுவாயுதக் கட்டுப்பாட்டு உடன்பாட்டில் கையெழுத்திட்டார். அக்டோபரில் வணிக ஒப்பந்தமும் உருவானது. இரண்டாம் உலகப்போர்க் காலக் கடனுக்காக 722 மில்லியன் டாலர் தர சோவியத் ஒன்றியம் இசைந்தது. பதிலுக்கு, மற்ற நாடுகளுக்கு உள்ளதுபோன்ற குறைந்த இறக்குமதி வரியை அமெரிக்கா தரவேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது.

அங்கேதான் செனட்டர் ஹென்றி ஜாக்சன் குறுக்கிட்டார். குடிமக்கள் வெளியேறும் உரிமையை மறுக்கும் கம்யூனிச நாட்டுக்கு வரிச்சலுகையும் கிடையாது, அரசுக் கடனும் கிடையாது என்பது அவர் கொண்டுவந்த திருத்தம். மக்களவையில் சார்ல்ஸ் வானிக் அதை முன்மொழிந்ததால் ‘ஜாக்சன்–வானிக் திருத்தம்’ என்று பெயர் பெற்றது.

ஜாக்சனுக்கு இது கொள்கையா, அரசியலா? இரண்டும்தான். சோவியத் ஆட்சியை அவர் நெடுங்காலமாக எதிர்த்து வந்தவர். அதேவேளையில் 1976 அதிபர் தேர்தலில் கண் வைத்திருந்தவர். அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் மூன்று விழுக்காட்டை எட்டாவிட்டாலும், நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களில் அவர்களின் வாக்குக்கு எடை அதிகம். தொழிற்சங்கத் தலைமையும் கம்யூனிச எதிர்ப்பாளர்களும் இதே அணியில் சேர்ந்தனர். சேர்ந்தோர் அனைவருக்கும் யூதர் விடுதலை மட்டுமே நோக்கம் என்று சொல்ல முடியாது. சிலருக்கு, மாஸ்கோவுடனான இணக்கத்தைத் தடுக்க அது நல்ல வழியாகவும் இருந்தது.

மாஸ்கோவின் கணக்கு

தேர்தல் போட்டி இல்லாத நாட்டில் உள்நாட்டு அரசியல் இராது என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவுடனான இணக்கத்தையே தம் சாதனையாக முன்னிறுத்திய பிரெஷ்னேவ், கட்சியிலிருந்த கடும்போக்காளர்களையும் அனுசரிக்க வேண்டியிருந்தது. குடியேறுவோர் இஸ்ரேலுக்குப் பலம் சேர்ப்பார்கள் என்று அரபு நட்பு நாடுகள் முறையிட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, யூதருக்குத் திறக்கும் கதவை மற்ற இனங்களும் தட்டாதா என்ற அச்சம் இருந்தது. 1941இல் நாடு கடத்தப்பட்ட வோல்கா ஜெர்மானியர், 1944இல் கடத்தப்பட்ட கிரிமியத் தாத்தாரியர், சுதந்திரம் இழந்த லித்துவேனியர் எனக் கோரிக்கையுடன் காத்திருந்தோர் பலர்.

ஆகவே மாஸ்கோ ஒரு வழியைக் கையாண்டது: சத்தமின்றி விட்டுக்கொடுப்பது. 1973 வசந்த காலத்தில் கல்வி வரி வசூல் நிறுத்தப்பட்டது. சட்டத்தை நீக்கவில்லை, செயல்படுத்தாமல் விட்டார்கள். அந்த ஆண்டில் ஏறத்தாழ 35,000 யூதர்கள் வெளியேறினர்.

அறிவிப்பால் முறிந்த உடன்பாடு

1974ஆம் ஆண்டு முழுவதும் வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சர் இருபுறமும் பேசினார். அக்டோபர் 18ஆம் நாள் அவரும் ஜாக்சனும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டனர். உடனே ஜாக்சன் வெள்ளை மாளிகையிலேயே செய்தியாளர்களைச் சந்தித்து, ஆண்டுக்கு 60,000 பேர் என்ற அளவுகோலை அறிவித்தார். உள்ளூர் மேடைக்கு அது வெற்றிச் செய்தி. மாஸ்கோவுக்கோ அது பகிரங்க அவமானம். எட்டு நாள் கழித்து, அப்படி எந்த உறுதியும் தரப்படவில்லை என்று வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ கடிதம் எழுதினார். டிசம்பரில் அந்தக் கடிதமே வெளியிடப்பட்டது.

போதாக்குறைக்கு, சோவியத் ஒன்றியத்துக்கான அரசுக் கடனை நான்கு ஆண்டுகளுக்கு 300 மில்லியன் டாலராகச் சுருக்கும் இன்னொரு திருத்தமும் நிறைவேறியது. 1975 ஜனவரி 3ஆம் நாள் அதிபர் ஃபோர்டு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே மாதத்தில் மாஸ்கோ வணிக ஒப்பந்தத்தையே நிராகரித்தது. 1975இல் வெளியேறிய யூதர்கள் ஏறத்தாழ 13,000 பேர் மட்டுமே. 1976இல் ஜாக்சன் தம் கட்சியின் வேட்பாளராகக்கூடத் தேர்வு பெறவில்லை.

யார் சரி?

கிசிஞ்சர் தரப்பு, சத்தமில்லாப் பேச்சே கதவைத் திறந்தது என்று வாதிட்டது. மேற்கு ஜெர்மனி அப்படித்தான் ஆரவாரமின்றிப் பேசி, 1970களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானிய வம்சாவளியினரை அழைத்துக்கொண்டது. ஆனால், மறுபக்கத்தையும் நாம் கேட்க வேண்டும். சோவியத் அறிவியலாளர் சகாரோவ் 1973இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் திறந்த மடல் எழுதி இந்தத் திருத்தத்தை ஆதரித்தார். யூதச் செயற்பாட்டாளர்கள் பலரும் ஆதரித்தனர். சிறை செல்லும் ஆபத்தில் இருந்தவர்களே வேண்டிய ஒன்றை வெறும் தேர்தல் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

எண்களைப் பாருங்கள். சட்டம் வருமுன்பே, 1974இல், வெளியேறுவோர் தொகை சரிந்து ஏறத்தாழ 20,000 ஆனது. சட்டம் நடப்பில் இருந்தபோதே, புதிய ஆயுத உடன்பாடு உருவான 1979இல், அது 51,000ஐத் தாண்டியது. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பின் உறவு கெட்டது. 1984இல் ஆயிரத்தையும் எட்டவில்லை. கோர்பசேவ் காலத்தில் 1989இல் எழுபதாயிரம் அளவுக்கு உயர்ந்தது. ஆக, கதவின் அகலத்தை முடிவு செய்தது சட்டம் மட்டுமன்று. இரு தலைநகரங்களும் ஒன்றிடம் ஒன்று என்ன எதிர்பார்த்தன என்பதும்தான். என் கருத்தில், ஓங்கிய கை 1973இல் பலன் தந்தது. கல்வி வரியை அதுதான் நிறுத்தியது. ஓங்கிய கை அடித்துவிட்ட பிறகு, மாஸ்கோ அஞ்சுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

நோய் தீர்ந்தும் நின்ற மருந்து

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது. யூதர்கள் தடையின்றி வெளியேறினர். ஆனால், ரஷ்யா மீதான திருத்தம் 2012 டிசம்பர் வரை நீக்கப்படவில்லை. இடைக்காலத்தில் கோழி இறைச்சி ஏற்றுமதித் தகராறுக்குக்கூட அதைப் பிடியாகப் பயன்படுத்தினர். யாருக்காக இயற்றப்பட்டதோ அவர்கள் போன பின்னும் சட்டம் நின்றது என்றால், அதைத் தாங்கி நின்றது உள்நாட்டு அரசியலே என்பது விளங்கும்.

சிறுபான்மையினராக வாழும் நமக்கு இதில் பாடம் உண்டு. வலிய நாடொன்று எளிய இனத்துக்காகக் குரல் கொடுக்கும்போது நாம் கைதட்டலாம். ஆனால் மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும். குரல் கொடுப்பவருக்குத் தம் நாட்டில் என்ன லாபம்? எதிர்த்தரப்பு தன் வீட்டுக்குள் யாருக்கு அஞ்சுகிறது? அந்த மக்களிடம் எவரேனும் கேட்டார்களா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத இடத்தில், சருகுமானின் பெயரைச் சொல்லி யானைகள் தங்கள் வழக்கைத்தான் பேசிக்கொண்டிருக்கும்.