புது டிபெண்டென்சியை உள்ளே விடுமுன்

பகலில் அலுவலகம், இரவில் கோந்த்வா வீட்டிலிருந்து ஒரு சின்னப் பைத்தான் லைப்ரரியின் பராமரிப்பு. நண்பர்கள் சேர்ந்து நடத்தும் கட்டற்ற மென்பொருள் அது. அளவீட்டுக் கருவிகள் எழுதித் தள்ளும் லாக் ஃபைல்களைப் படித்து அட்டவணையாக்கும். பயன்படுத்துவோரில் பலர் தொழிற்சாலைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் இருக்கிறார்கள். அங்கே சென்ட்ஓஎஸ் 7-உம் பைத்தான் 3.6-உம் இன்னும் ஓடுகின்றன. முன்னதற்கு ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது; பின்னதற்கு 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

"இன்னுமா மாத்தல?" என்று கேட்பது சுலபம். கருவியோடு வந்த டிரைவர் புது சிஸ்டத்தில் ஓடாது. சோதித்துக் கையெழுத்துப் போட்ட அமைப்பைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து சோதனை. அவர்கள் தாமதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதனால், புது டிபெண்டென்சி கேட்டு ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தால் நான் இவற்றைப் பார்க்கிறேன்.

அது இல்லாமல் எத்தனை வரி? தேதிகளைப் படிக்க ஒரு லைப்ரரியைச் சேர்க்கலாம் என்று ஒருவர் அனுப்பியிருந்தார். எங்கள் லாக்குகளில் தேதி வருவதே மூன்று வடிவங்களில்தான். பைத்தானோடு வரும் ஸ்ட்ரப்டைம் போதும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்துவிட்டபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ புராஜெக்ட்களின் பில்டு நின்றது. அதற்காக எல்லாவற்றையும் நாமே எழுதவும் கூடாது. மறையாக்கம், நேர மண்டலம் போன்றவற்றை விவரம் தெரிந்தவர்களிடம் விடுவதே பாதுகாப்பு.

கூட யார் யார் வருகிறார்கள்? சாக்கன் பக்கத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓசூர்த் தம்பி ஒருவர், அங்குள்ள கணினிக்கு இணையம் இல்லாததால், ஒரு ஞாயிறு பென்டிரைவோடு வீட்டுக்கே வந்தார். என் லேப்டாப்பில் 'பிப் டவுன்லோடு' ஓடுவதைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணா, உங்க லைப்ரரி ஒண்ணுதான கேட்டேன், ஏன் இத்தன ஃபைல் எறங்குது?" அன்றிலிருந்து, டிபெண்டென்சி கேட்கும் புல் ரிக்வெஸ்ட் வந்தால் முதல் வேலையாக, வெறும் என்விரான்மென்டில் பைத்தான் 3.6-க்கான வீல்களை மட்டும் டவுன்லோடு செய்து ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறேன். ஒன்று கிடைக்காவிட்டாலும் விஷயம் தெரிந்துவிடும்.

கம்பைலர் கேட்குமா? 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4 வந்தது. அதை மூலத்திலிருந்து பில்டு செய்ய ரஸ்ட் தேவைப்பட்டது. மெமரிப் பிழைகளைத் தவிர்க்க எடுத்த முடிவு, காரணம் நியாயமானது. ஆனால் பழைய பிப்புக்குப் புது வகை வீல்களை அடையாளம் தெரியவில்லை. அது மூலத்திலிருந்து பில்டு செய்யப் போய், ரஸ்ட் இல்லை என்று விழுந்தது. ஆல்பைன் லினக்ஸ்காரர்களும் மாட்டினார்கள். அந்த 3.4-இல் ரஸ்ட்டைத் தவிர்க்க ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் கொடுத்திருந்தார்கள். அவகாசம் கொடுத்தே மாற்ற வேண்டும் என்பதற்கு நல்ல பாடம் அது.

எல்லோருக்கும் தேவையா? எக்செல் ஃபைலாகச் சேமிக்கும் வசதி எங்களிடம் சிலருக்கு மட்டுமே வேண்டும். அதை 'எக்ஸ்ட்ரா'வாக வைத்தோம். இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள்ளேயே வைத்து, இல்லாதபோது எதை இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்று பிழைச்செய்தியிலேயே கட்டளையை எழுதிவிட்டோம்.

பழையவர்களுக்கு வழி இருக்கிறதா? 'பைத்தான் ரிக்வயர்ஸ்' வரியைச் சரியாக எழுதினால், பிப் 9-உம் அதற்குப் பிந்தியவையும் பழைய பைத்தான்காரருக்குப் பொருந்தும் கடைசி வெர்ஷனைத் தாமே எடுத்துக் கொடுக்கும். டிபெண்டென்சிக்குக் குறைந்தபட்ச வெர்ஷன் எழுதினால், அந்தக் குறைந்தபட்சத்தை வைத்தே தானியங்கிச் சோதனை ஒன்றையும் ஓட்டுங்கள். சோதிக்காத எண்ணை எழுதுவதில் பயனில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கவலை உண்டு. டிபெண்டென்சியால் அப்கிரேடு செய்ய முடியாமல் நிற்பவருக்குப் புது வசதி மட்டுமா போகிறது? பாதுகாப்புத் திருத்தமும் போய்ச் சேராது. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, திருத்தத்தோடு வந்த 2.16-க்கு ஜாவா 8 வேண்டும். அதற்குக் கீழே நின்றவர்களை விட்டுவிடாமல், ஜாவா 7-க்கு 2.12.2-உம் ஜாவா 6-க்கு 2.3.1-உம் அந்தக் குழு வெளியிட்டது. அப்பாச்சி போன்ற பெரிய அமைப்பின் புராஜெக்ட் அது. இரவில் மட்டும் உட்காரும் எங்களுக்கு மூன்று கிளைகளைப் பராமரிக்க ஆள் இல்லை. அதனால் முன்கூட்டியே சிக்கனம்.

எங்கள் குழுவில் மாறாத விதி ஒன்றுதான்: பாதுகாப்புத் திருத்தம் வரும் வெளியீட்டில் புது டிபெண்டென்சி எதுவும் வரக்கூடாது. டிபெண்டென்சி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடுத்த பெரிய வெர்ஷனுக்குக் காத்திருக்கட்டும். ஏன் சேர்த்தோம், யாரைப் பாதிக்கும், அவர்கள் எந்த வெர்ஷனில் நிற்கலாம் என்று மூன்று வரி சேஞ்ச்லாகில் எழுதிய பிறகே அதை மெர்ஜ் செய்கிறோம்.