ஐயங்கொண்ட சீடர்: புனித தோமாவின் வாழ்வும் மரபும்

முன்னுரை

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம்மவர் பழமொழி. அவ்வாறு தீர விசாரிக்க விரும்பியதாலேயே இரண்டாயிரம் ஆண்டுகளாகச் 'சந்தேகத் தோமா' என்ற பெயரைச் சுமந்து நிற்பவர் இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான புனித தோமா. சென்னையிலுள்ள சாந்தோம் என்னும் இடம் இவர் பெயரால் அமைந்ததாகும். இவரைப் பற்றி அறியப்படுவனவற்றை விவிலியம், மரபு, வரலாற்றுச் சான்று என மூன்றாகப் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவிலியத்தில் தோமா

தோமா என்ற அரமேய மொழிச் சொல்லுக்கு 'இரட்டையர்' என்று பொருள். யோவான் நற்செய்தியில் இவர் மூன்று முக்கிய இடங்களில் பேசுகிறார். இயேசு ஆபத்து மிகுந்த யூதேயாவுக்குச் செல்ல முற்பட்டபோது, அவரோடு சாகவும் தயார் என்று சொன்னவர் தோமாவே. பிறிதோரிடத்தில், தமக்கு விளங்காத ஒன்றை விளங்கவில்லை என வெளிப்படையாகக் கேட்கிறார். மூன்றாவதாக, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் கண்டு, தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்கிறார்.

இங்கு இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தோமா காயங்களைத் தொட்டதாக நற்செய்தி கூறவில்லை. இயேசுவைக் கண்டதுமே அவரைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் ஏற்றுக்கொள்கிறார். காயத்தில் விரல் வைப்பது போன்ற காட்சி காரவாஜியோ போன்ற ஓவியர்கள் தீட்டியதே. இரண்டாவது, ஐயம் எழுந்த பின்னும் தோமா மற்ற சீடர்களை விட்டு விலகிச் செல்லவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர்களோடுதான் இருந்தார்.

இந்தியாவைப் பற்றிய மரபு

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்னும் நூல், தோமா இந்தியாவுக்கு வந்ததைக் கதையாகக் கூறுகிறது. கொண்டோபரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டப் பொருள் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, அரண்மனை விண்ணுலகில் எழும்பியுள்ளதாகச் சொல்கிறார்.

கேரள மரபோ வேறு வழியைக் காட்டுகிறது. கி.பி. 52இல் முசிறியில் வந்திறங்கிய தோமா பல திருச்சபைகளை நிறுவினார் என்றும், கி.பி. 72இல் மயிலாப்பூர்ப் பகுதியில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் துறந்தார் என்றும் அது கூறுகிறது. பரங்கிமலையும் சின்னமலையும் இம்மரபோடு தொடர்புடைய இடங்களாகும்.

சான்றுகள் கூறுவன

கொண்டோபரஸ் வெறும் கற்பனைப் பாத்திரம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலும் ஆப்கானிஸ்தானிலும் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. கதையில் வந்த மன்னன் வரலாற்றில் வாழ்ந்தவன் என்பது உறுதியாயிற்று. எனினும், மன்னன் வாழ்ந்தான் என்பதால் மட்டும் தோமா அவனைச் சந்தித்தார் என்பது மெய்யாகிவிடாது.

முசிறிக்கு யவனர் கலங்களில் வந்து மிளகு வாங்கிச் சென்றதைச் சங்க இலக்கியம் பதிவு செய்துள்ளது. ஆகவே, முதல் நூற்றாண்டில் அத்தகைய பயணம் நடந்திருக்கக்கூடியதே. கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்தில் கிறித்துவச் சமூகம் இருந்ததற்குச் சான்றாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறையைக் கிறித்துவரும் முஸ்லிம்களும் போற்றியதைக் குறிப்பிடுகிறார். பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையில் பகலவி எழுத்துகள் உள்ளன. இவையனைத்தும் மரபின் பழைமையைக் காட்டுகின்றன. ஆனால் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த நேரடிச் சான்று எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

திருவள்ளுவர் தோமாவிடம் பாடம் கேட்டார் என்றும் சிலர் எழுதியுள்ளனர். திருக்குறளிலோ 'தோமாவின் பணிகள்' நூலிலோ இதற்கு ஆதாரமில்லை. இருவரையும் பெருமைப்படுத்த இத்தகைய கூற்று தேவையுமில்லை.

முடிவுரை

தோமாவின் மரபு வெறும் நூலில் மட்டும் வாழவில்லை. அவர் வழி வந்தவர்களாகத் தம்மைக் கருதும் கேரளக் கிறித்துவர்கள் புலம்பெயர்ந்தபோது, அது மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. இங்குள்ள மார்த்தோமா திருச்சபைகள் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

தமிழ் மாணவர்களாகிய நமக்கும் இவரிடம் கற்க ஒன்றுண்டு. நம் மொழியின் தொன்மையைப் பற்றிய கூற்றுக்குச் சான்று கேட்பவரை மொழிப்பற்று இல்லாதவர் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடையே உள்ளது. மறுபுறம், பழங்கதை என்றாலே பொய் எனத் தள்ளிவிடுவோரும் உள்ளனர். கொண்டோபரஸின் காசு பின்னவருக்குப் பாடம். தோமாவின் கேள்வி முன்னவருக்குப் பாடம். கேட்கவும் வேண்டும், கேட்டுவிட்டு விலகிப் போகாமல் விடை கிடைக்கும்வரை உடனிருக்கவும் வேண்டும். அவ்வாறு உடனிருந்த தோமாவை 'ஐயங்கொண்டவர்' என்று மட்டும் அழைப்பது அவருக்கு நாம் செய்யும் குறையே ஆகும்.