மீனை நிறுத்தச் சொன்னது யார்?

தூத்துக்குடிக் கரையோரத்தில் புற்றுநோயாளிகளின் வீடுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கும் இளம் செவிலியர்களுக்கும் தன்னார்வப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி டாக்டர்கள் சொல்லித் தருவார்கள். சோற்றைப் பற்றியும் சதையைப் பற்றியும் சொல்லத்தான் ஆள் குறைவு.

1. முதல் நாளே எடை பாருங்கள். "பார்த்தாலே தெரியுதே" என்று விட்டுவிடாதீர்கள். நோய் வருமுன் எவ்வளவு இருந்தார் என்று கேளுங்கள். நினைவில்லை என்றால் சாரம் இடுப்பில் நிற்கிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, ரவிக்கையை எத்தனை தடவை பிடித்துத் தைத்தார்கள் என்று கேளுங்கள். பட்டினி கிடக்காமலே ஆறு மாதத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோவுக்கு மேல் போயிருந்தால், அது புற்றுநோய் தரும் உடலுருக்கம். 2011-ல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த அளவு இது. முன்பே ஒல்லியாக இருந்தவருக்கு 2 பங்குக்கு மேல் குறைந்தாலே கணக்கு.

2. குண்டாக இருப்பவரைக் கண்டு ஏமாறாதீர்கள். கொழுப்பு அப்படியே இருக்க, உள்ளே சதை கரைந்திருக்கும். வயிற்றில் கோத்த நீரும் கால் வீக்கமும் எடையை ஏற்றிக் காட்டும். நெற்றிப்பொட்டு, தோள்பட்டை, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை, இவற்றைத் தொட்டுப் பாருங்கள். வீக்கமில்லாத கெண்டைக்காலை நாடா வைத்து அளந்தால் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்ந்திருக்கிறது.

3. இனி பத்தியம். நம் கரையில் நோய் என்று தெரிந்தவுடன் முதலில் நிற்பது மீன். "கரப்பான் பண்ணும்" என்பார் ஒரு ஆச்சி. அடுத்த நாள் முட்டை சூடு என்று நிற்கும். இனிப்பு புற்றுக்குத் தீனி என்று எங்கோ கேட்டு, பாலில் சீனியும் நிற்கும். மிஞ்சுவது கஞ்சித் தண்ணீரும் இளநீரும் ரொட்டியும்தான். நோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1 கிராம் புரதம் வேண்டும், முடிந்தால் 1.5 கிராம். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 90 கிராம். கஞ்சித் தண்ணீரில் இது எங்கே கிடைக்கும்? 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் உண்டு. ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அதே அளவு.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறாப்புட்டு கிண்டிக் கொடுப்பதும் இதே வீடுதான். ஆச்சியிடம் அதை நினைவுபடுத்துங்கள். ஆனால் சண்டை போடாதீர்கள், "டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார்" என்றால் பாதி வேலை முடிந்தது. சீலா வாங்க முடியாத வீட்டுக்குச் சாளை போதும். விலை குறைவு, நல்ல எண்ணெயும் அதில் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும் மீன் விலை ஏறும். அப்போது முட்டை, பாசிப்பயறு, நிலக்கடலை, தயிர். நோயாளிக்குச் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றுங்கள். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அரைவேக்காட்டு நண்டு, சிப்பி வேண்டாம்.

4. "வீம்புக்குச் சாப்பிட மாட்டேங்கிறார்" என்று வீட்டார் சொல்வார்கள். வீம்பு இல்லை. கட்டி கிளப்பிவிடும் அழற்சி பசியைக் கெடுக்கிறது, தசையை உடைக்கிறது. அதனால்தான் சோற்றைக் கூட்டினால் மட்டும் போன சதை முழுதாகத் திரும்புவதில்லை.

5. ஏன் சாப்பிடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாய்ப்புண்ணா? மிளகாயும் புளியும் விட்டு, முள் எடுத்த மீனைக் குழைந்த சோற்றில் பிசையச் சொல்லுங்கள். மீன் வாடை குமட்டுகிறதா? அடுப்பை வெளியே வைத்துச் சமைத்து, ஆறவைத்துக் கொடுக்கட்டும். வாயில் இரும்புச் சுவையா? எவர்சில்வர் கரண்டியை மாற்றுங்கள். வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரையால் மலம் இறுகியிருந்தால் பசியே வராது, பலருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி இது. மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை. கடைசியாக, வீட்டில் காசு இருக்கிறதா என்றும் பாருங்கள். உப்பளத்துக்குப் போகும் மகள் துணைக்கு உட்கார்ந்தால் அன்றைய கூலி இல்லை.

6. வாய், தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு ஆறேழு வாரம் நடக்கும். முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. கதிர்வீச்சுக்காக முகத்துக்கு அளவெடுத்துச் செய்த உறை, எடை குறைந்தால் தொளதொளத்துவிடும். அதை மறுபடி செய்யவேண்டி வந்தால் சிகிச்சை தள்ளிப்போகும். ஆகவே போகுமுன்பே உணவுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

7. மூக்குக் குழாயை அவமானமாக நினைத்து மறுப்பார்கள். விழுங்க முடியாத வாரங்களைக் கடத்த அது ஒரு வழி, அவ்வளவுதான். தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், முடிந்தபின் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள், குழாயில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக முழு அளவு கொடுக்கக் கூடாது, இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு நாள் பாதி அளவுக்கு மேல் போகாமல், டாக்டர் பார்வையில் தொடங்கவேண்டும்.

8. படுக்கவைத்தே பார்க்காதீர்கள். அசையாத தசைக்கு எத்தனை மீன் கொடுத்தாலும் ஒட்டாது. நாற்காலியில் எழுந்து உட்காருவது, முற்றம் வரை நடப்பது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போதும்.

9. நோய் முற்றிக் கடைசி நாட்கள் நெருங்கும்போது கணக்கு வேறு. அப்போது உடல் உணவை ஏற்காது. "பட்டினி போட்டுக் கொன்னுட்டோமே" என்ற குற்ற உணர்வில் வாயைத் திறந்து ஊட்டும் பிள்ளைகளைக் கண்டால், தனியே அழைத்து, சாப்பிடாததால் அவர் சாகவில்லை, நோய் முற்றியதால்தான் சாப்பிட முடியவில்லை என்று சொல்லுங்கள். வாயை ஈரப்படுத்துவது, கேட்டதில் ஒரு வாய் கொடுப்பது, அவ்வளவே. இதை அமைதியாகச் சொல்லத் தெரிந்தவர் நல்ல செவிலியர்.

உங்களால் தினமும் போக முடியாத வீடுகளில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வாருங்கள். நோய்த்தணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் வீட்டுக்கே வரும், காசு கிடையாது.