தோற்ற ஆட்டமே ஆசான்

சதுரங்கம் ஆடத் தெரிந்தவர் நம்மிடையே பலர். நன்றாக ஆடுபவர் சிலரே. முப்பது ஆண்டுகள் இடைவிடாது ஆடியும், முதலாண்டில் நின்ற படியிலேயே நிற்பவரை யாவரும் கண்டிருப்போம். யானும் நெடுங்காலம் அவருள் ஒருவனாகவே இருந்தேன். ஆடிய ஆட்டங்களின் தொகையால் திறமை வளர்வதில்லை. ஆடியதைத் திரும்பிப் பார்த்து ஆராய்வதாலேயே வளர்கின்றது. இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது பெருநூல் எதுவுமன்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு மாணவன் தோற்ற ஆட்டமே உணர்த்திற்று.

குறிகட்டுவான் புங்குடுதீவின் மேற்குக் கரையில் உள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலங் கடந்து, வேலணை வழியாக வரும் பேருந்து அங்கே நின்றுவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்பவர் படகேற வேண்டும். சோளகக் காற்று மிகும் நாட்களிற் படகுக்குக் காத்திருக்கும் நேரம் நீளும். தீவகத்தில் ஆசிரியப் பணி செய்த காலத்தில் அக்காத்திருப்புக்குத் துணையாக மடிக்கும் சதுரங்கப் பலகையொன்றை யான் கொண்டு செல்வதுண்டு. படகுக்கு நிற்கும் மாணவர் சிலர் அதனைச் சூழ்ந்து கொள்வர்.

ஒருநாள் அவ்விடத்தில் இரு மாணவர் ஆடினர். ஏழே நகர்விற் கறுப்புக் காய்களுடன் ஆடியவன் தோற்றான். அவன் முகம் வாடிற்று. “இனி ஆடமாட்டேன் ஐயா. எனக்கு இதற்கு மூளை போதாது” என்றான். அவனுக்குப் பயிற்றுநர் எவருமில்லை. அவனூரில் அவனுக்கு ஈடுகொடுத்து ஆடத்தக்கவர் இருவரோ மூவரோதான். அன்று அவன் விட்டிருந்தால், அதனோடு அவனது ஆட்டம் முடிந்திருக்கும்.

ஆட்டம் நிகழ்ந்தவாறு இது. இரு பக்கத்தாரும் அரசன் முன்னுள்ள காலாளை இரு கட்டம் நகர்த்தினர். வெள்ளை, அரசன் பக்கத்துக் குதிரையைக் கொணர்ந்து எதிர்க்காலாளைத் தாக்கிற்று. கறுப்பு, அரசியின் முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி அதனைக் காத்தது. மூன்றாவதாக வெள்ளை தன் அமைச்சரைக் கறுப்பு அரசனுக்கு அருகிலுள்ள காலாளின்மேற் குறிவைத்து நிறுத்திற்று. கறுப்போ தன் அமைச்சரை நெடுந்தூரம் செலுத்தி, வெள்ளைக் குதிரையை அதன் அரசியோடு பிணித்தது. குதிரை விலகின் அரசி பறிபோகும். நான்காவதாக வெள்ளை மற்றைக் குதிரையையும் வெளிக்கொணர்ந்தது. கறுப்பு, அரசன் பக்கத்துக் குதிரையின் முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் தள்ளி வைத்தது.

அப்பொழுது, பிணிப்புண்டதென எண்ணிய குதிரையே துள்ளி நடுக்காலாளை வெட்டிற்று. காவலற்று நின்ற அரசியைக் கறுப்பு ஆவலோடு கவர்ந்தது. உடனே வெள்ளை அமைச்சர் அரசனருகிலுள்ள காலாளை வெட்டி முற்றுகையிட்டார். அரசன் ஒரு கட்டம் முன்வந்தான். வெள்ளையின் இரண்டாங் குதிரை நடுப்பலகைக்குப் பாய, அரசனுக்குப் போக்கிடமில்லை. 18ஆம் நூற்றாண்டிற் பிரான்சில் வாழ்ந்த லெகால் என்பாரின் பெயரால் வழங்கும் பழம்பொறி இது. மாணவர் இருவரும் இப்பெயரைக் கேட்டிருக்கவில்லை.

“எங்கே பிழைத்தாய்?” என வினவினேன். “அரசியை எடுத்ததுதான் பிழை ஐயா” என்றான். யானும் அவ்வாறே எண்ணினேன். படகு வரத் தாமதமாகவே, காய்களை மீண்டும் அடுக்கி ஒவ்வொரு நகர்வாகப் பார்த்தோம். அரசியை எடாது, துள்ளிவந்த குதிரையைத் தன் காலாளால் வெட்டியிருந்தால் என்னாகும்? வெள்ளை அரசி கறுப்பு அமைச்சரை வெட்டுவாள். கறுப்புக்கு ஒரு காலாள் நட்டம். ஆட்டம் தொடரும், ஆயினும் நிலை முன்னரே சீர்கெட்டதே. ஆகவே பிழை ஐந்தாம் நகர்வில் தொடங்கவில்லை.

மாணவன் நெடுநேரம் பலகையை நோக்கியிருந்தான். பின்னர், தான் தள்ளிய காலாளைப் பின்வைத்து, அதற்குப் பதிலாக அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்ந்தான். அவன் முகம் மலர்ந்தது. அக்குதிரை தன் அமைச்சர் நிற்கும் கட்டத்தையும் காக்கும். வெள்ளைக் குதிரை இறுதி முற்றுகையிடப் பாய்ந்த நடுக்கட்டத்தையும் காக்கும். இந்த ஒரு நகர்வால் வெள்ளையின் சூழ்ச்சி முழுவதும் பயனற்றுப் போகும். “குதிரை வீட்டிலேயே நின்றுவிட்டது ஐயா” என்றான். மூளை குறைந்ததன்று, குதிரையை வெளிக்கொணராத பழக்கமே தோல்விக்குக் காரணம். மூளையை மாற்ற இயலாது, பழக்கத்தை மாற்றலாம். அடுத்த வாரமும் அவன் ஆட வந்தான்.

அன்றிரவே யான் தோற்ற ஆட்டங்களை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஓராண்டின் பின் அதனைப் புரட்டியபோது நாணமடைந்தேன். என் தோல்விகளிற் பாதிக்கு மேற்பட்டவை, எதிராளியின் காயொன்றை வென்ற பின்னர் நேர்ந்தவை. வென்றுவிட்டோம் என்னும் எண்ணத்தால் எதிராளியின் அடுத்த நகர்வை நோக்காது விரைந்திருந்தேன். அதுவரை, எதிராளியின் திறமையே என்னைத் தோற்கடித்ததென எண்ணியிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாதென்பர். கொப்பி எனக்கு அதனைக் காட்டிற்று.

மாணவர் பின்பற்றத்தக்க முறையை இங்கே சுருக்கிக் கூறுவேன்.

முதலாவது, ஆடும்போதே நகர்வுகளை எழுதுக. மறந்த ஆட்டத்தை ஆராய இயலாது.

இரண்டாவது, ஆட்டம் முடிந்த அன்றே, அப்பொழுது நினைத்தவற்றையும் நகர்வின் அருகே குறித்துவைக்க. “இதற்கு அஞ்சினேன்”, “இதனைக் காணவில்லை”, “விரைந்து ஆடினேன்” என்னும் சிறு குறிப்புகள் போதும். நகர்வுகளைப் பின்னரும் படிக்கலாம். நினைவோ மறுநாளே மறையும்.

மூன்றாவது, இயலுமாயின் எதிராளியோடு சேர்ந்திருந்து ஆராய்க. நாம் அஞ்சியதை அவர் நினைத்தேயிரார். நாம் நினையாததை அவர் அஞ்சியிருப்பார்.

நான்காவது, கடைசிப் பிழையோடு நில்லாது பின்னோக்கிச் செல்க. எந்நகர்வு வரை நிலை நன்றாயிருந்தது, எங்கே முதற்கண் சரிந்தது எனத் தேடுக. அவ்விடத்தில் வேறு இரண்டு நகர்வுகளையேனும் ஆடிப் பார்க்க.

ஐந்தாவது, வென்ற ஆட்டத்தையும் விடாதீர். எதிராளி தவறியதனால் மறைந்துபோன நம் பிழை அதனுள் இருக்கும்.

ஆறாவது, பத்து ஆட்டங்களுக்கு ஒருமுறை குறிப்புகளை ஒன்றுசேர்த்து நோக்குக. மீண்டும் மீண்டும் தலைகாட்டும் பிழை ஒன்றே இருக்கும். அடுத்த பத்து ஆட்டங்களில் அதனை மாத்திரம் திருத்த முயல்க.

இக்காலத்திலே உலகச் சம்பியனையும் வெல்லவல்ல சதுரங்க நிரல்கள் கைத்தொலைபேசியிலேயே உள்ளன. அவற்றைத் தள்ள வேண்டுவதில்லை. ஆனால் இறுதியிலேயே அவற்றிடம் செல்லுதல் நன்று. மேற்கூறிய ஆட்டத்தை நிரலிடம் கொடுத்தால், பெரிய பிழைக்குறி அரசியைக் கவர்ந்த நகர்வின்மேல் விழும். அதற்கு முந்திய நகர்வின் குறி சிறியதாகவே இருக்கும். தன் குதிரையை அம்மாணவன் ஏன் மறந்தான் என்பதை நிரல் அறியாது. அவனே கண்டமையாற்றான் அஃது அவன் மனத்தில் நின்றது. விடையை முதலிற் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்பவன் கணக்குக் கற்பதில்லையன்றோ?

பெரிய ஆட்டக்காரரும் இவ்வழியே சென்றனர். 1948இல் உலகச் சம்பியனான சோவியத்து நாட்டு மிகயில் பொத்வின்னிக், ஆட்டக்காரர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து அவ்வாராய்ச்சியை அச்சிலும் வெளியிட வேண்டுமென வற்புறுத்தினார். பிழையிருப்பிற் பிறர் சுட்டுவர் என்பது அவர் கருத்து. 1957இல் ஸ்மிஸ்லோவிடம் இழந்த பட்டத்தை 1958இல் மீட்டார். 1960இல் தாலிடம் இழந்ததை 1961இல், தம் நாற்பத்தொன்பதாம் வயதில், மீண்டும் மீட்டார்.

நம் மொழி வழங்கும் சென்னையிற் பிறந்த குகேசும் இதற்குச் சான்று. அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட் மாஸ்டர் நிலையை எய்தும் காலம்வரை அவரை நிரல்களின் துணையின்றியே பெரிதும் சிந்திக்கப் பழக்கினார். 2022இல் மாமல்லபுரத்தில் நிகழ்ந்த ஒலிம்பியாட்டில், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லத்தக்க நிலையிலிருந்த குகேசு, நேர நெருக்கடியில் ஒரு குதிரை நகர்விலே தவறித் தோற்றார். அத்தோல்வி அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. 2024 டிசெம்பர் 12இல் சிங்கப்பூரில், தம் பதினெட்டாம் வயதில், அவர் உலகச் சம்பியனானார். அன்றைய பதினான்காம் ஆட்டத்தில் தவறியவர் எதிர்த்தாடிய டிங் லிரென். பிழை எவரையும் விடுவதில்லை.

எல்லோரும் சம்பியனாதல் இயலாது. அதற்காக இதனை எழுதவுமில்லை. பயிற்றுநரும் நூல்நிலையமும் எட்டாத இடத்திலே, படகுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கும் ஓர் ஆசான் உண்டு என்பதைச் சொல்லவே எழுதினேன். அந்த ஆசான் ஊதியம் கேளார். படகேறி வரவும் வேண்டியதில்லை. அவன் நேற்றுத் தோற்ற ஆட்டமாக அவனது கொப்பியிலேயே இருக்கின்றார். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய கொப்பியொன்றை இன்றே தொடங்குவாராக. பழைய மாணவராகிய நாமும் தொடங்கலாம். நம்மிடம் தோற்ற ஆட்டங்களுக்குக் குறைவில்லை.