அறிவொளிக் கலைப்பயணமும் புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டியும்

முன்னுரை

சமூக மாற்றத்தில் மக்கள் கலைகளின் பங்கைப் பேசும் ஆய்வுகள் பலவும் கலையைச் செய்தி சுமக்கும் கருவியாகவே காண்கின்றன. செய்தியைக் கேட்டவர் அதன்பின் என்ன செய்ய இயன்றது என்னும் வினா பின்தங்கிவிடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

கலைப்பயணத்தின் வழிமரபு

1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980இல் அறிவியல் கலைப்பயணத்தைத் தொடங்கியது. அவ்வடிவம் 1990ஆம் ஆண்டின் பாரத ஞான விஞ்ஞான ஜாதாவின் வழியாக நாடெங்கும் பரவியது. தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதனை முன்னெடுத்தது.

தெருக்கூத்து, பயின்ற கலைஞர்களால் இரவு முழுவதும் நிகழ்த்தப்படுவது. பெரிதும் இதிகாச, புராணக் கதைகளைச் சார்ந்தது. கலைப்பயணமோ தன்னார்வலர்கள் ஊர்தோறும் சென்று நிகழ்த்தும் சிறு நாடகங்களையும் பாடல்களையும் கொண்டது. எனவே நடிப்பவரும் கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே வட்டாரத்தவராக அமைய இடமிருந்தது.

பாடலிலிருந்து செயலுக்கு

புதுக்கோட்டையில் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் இணைக்கப்பட்டது. வேளாண் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலரும் கற்றனர். மிதிவண்டி ஓட்ட ஊக்குவிக்கும் பாடல்கள் இயக்கத்திற்குள்ளேயே பிறந்தன. பேருந்துக்கும் ஆடவர் துணைக்கும் காத்திருந்த நிலை இதனால் தளர்ந்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஏறத்தாழ 1,500 பெண்கள் மிதிவண்டிப் பேரணி நடத்தியதை இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

இம்மாற்றத்திற்குக் காரணம் கலையன்று, நிருவாகமே எனக் கருதவும் இடமுண்டு. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டி வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்தார் என்பது உண்மை. ஆயினும் கடன் தருவது வண்டியை மட்டுமே. வண்டியேறிய பெண் ஊராரின் ஏளனத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அதனைத் தாங்கும் துணிவு, பலர் கூடிப் பாடியும் ஓட்டியும் பெற்றதாகும். மறுதலையாக, வண்டியும் பயிற்சியும் இல்லாத இடத்தில் பாடல் ஏக்கமாகவே நின்றிருக்கும்.

பேரணியையும் ஒரு நிகழ்த்துகலையாகக் கொள்ளலாம். கலைப்பயணத்தில் பார்வையாளராக இருந்த பெண்கள் அதில் தாமே நிகழ்த்துநர் ஆயினர், ஊர் பார்வையாளராயிற்று.

முடிவுரை

சமூகக் கலைப்பணியின் பயனை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் அளவிடுதல் போதாது. கதை சுட்டும் செயலை மக்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பொருளும் பயிற்சியும் உடன் இருந்தனவா, பார்வையாளர் நிகழ்த்துநராக மாறினரா என்னும் இரண்டும் ஆராயப்பட வேண்டும். நீர்நிலை காத்தல், காடு காத்தல் முதலிய சூழலியல் கலைப்பணிகளை மதிப்பிடவும் இவ்வளவைகள் பொருந்தும்.