எந்த மாநாட்டுக்குப் போகலாம், எதை விட்டுடலாம்?

ஃபைனல் இயர் வந்துட்டா மெயிலைத் திறந்தாலே "சர்வதேச மாநாடு, இன்றே பதிவு செய்யுங்கள்" என்று அழைப்புதான். எல்லாத்துக்கும் போக நம்மகிட்ட காசும் கிடையாது, அட்டெண்டன்ஸும் கிடையாது. அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில், கண்காட்சி வேறு, மாநாடு வேறு. கண்காட்சியில் மெஷின் ஓடும். மாநாட்டில் ஆய்வுக் கட்டுரை வாசிப்பார்கள்.

கண்காட்சியை உங்கள் ப்ராஜெக்டை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பெங்களூரில் நடக்கும் இம்டெக்ஸையே எடுத்துக்கோங்க. 2023, 2025 போன்ற ஒற்றைப்படை வருடங்களில் லேத், மில்லிங் மாதிரி உலோகத்தை வெட்டும் மெஷின்கள். 2024 போன்ற இரட்டைப்படை வருடங்களில் பிரஸ், ஷீட் மெட்டல் வகைகள். உங்கள் ப்ராஜெக்ட் பிரஸ் டூல் என்றால், ஒற்றைப்படை வருடத்தில் போய் என்ன பயன்?

பக்கத்திலேயே வேண்டுமா? அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் 'அக்மி' இருக்கு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். திருப்பாச்சூரிலிருந்து பூந்தமல்லி வழியாகப் போய் அன்றைக்கே திரும்பிடலாம். காக்களூர், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை தேடுகிறவர்கள் அங்கே ஓடுகிற மெஷின்களை ஒருமுறையாவது பார்க்கணும். மாணவர்களை எந்த நாளில் அனுமதிப்பார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாநாட்டில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். 2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர், கணினியே அர்த்தமில்லாமல் எழுதித் தரும் ஒரு மென்பொருள் செய்து, அதில் வந்த கட்டுரையை அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். அது ஏற்கப்பட்டது! படித்துப் பார்க்காமலே ஏற்கிறவர்களும் உண்டு என்பது அப்படித்தான் வெளியே வந்தது.

நானும் மூன்றாம் வருடத்தில் 3,000 ரூபாய் கட்டி ஒரு சான்றிதழ் வாங்கினேன். பிறகு ஒரு இன்டர்வியூவில், "உங்க பேப்பரைப் பற்றி அங்கே யார் என்ன கேட்டாங்க?" என்றார்கள். யாருமே எதுவும் கேட்கவில்லை. நான் என்ன சொல்ல?

அதனால் பணம் கட்டும் முன் நான்கு விஷயம் பாருங்கள்:

1. போன வருடக் கட்டுரைகள் கிடைக்கிறதா? இரண்டையாவது படியுங்கள்.
2. குழுவில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கு மெயில் அனுப்புங்கள். சில சமயம் அவருக்கே அது தெரிந்திருக்காது.
3. இரண்டே நாளில் "ஏற்கப்பட்டது" என்று பதில் வந்தால், யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.
4. மெக்கானிக்கல், மருத்துவம், இலக்கியம் எல்லாம் ஒரே மாநாட்டிலா? விட்டுடுங்க.

வருடத்துக்கு ஒன்று போதும். போகும்போது பையில் மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். பதிலோடு திரும்பி வந்தால், செலவழித்த காசு வீண் இல்லை.